பந்தெலிஸின் போன் செத்த நாள்

இந்த முறை ஜெயித்தே தீருவது என்று முடிவு கட்டிவிட்டேன். பெரிய ஆசை ஒன்றும் இல்லை. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் ஒரே ஒரு தடவை, "ஆமா பந்தெலி, நீ சொன்னதுதான் சரி" என்று என் மனைவி ஆர்கிரோ வாயால் கேட்டுவிட வேண்டும். அதற்கப்புறம் ஆயுசுக்கும் அவள் சொல்வதற்கெல்லாம் தலையாட்டத் தயார். இப்போதும் அதைத்தான் செய்கிறேன், அது வேறு விஷயம்.

நான் வோலோஸ் துறைமுகத்தில், தீவுகளுக்குப் போகும் கப்பல்களுக்கு டிக்கெட் கிழித்துக் கொடுப்பவன். கண்ணாடி ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் உலகம். கோடைகாலம் வந்தால் அந்த உலகம் மொத்தமும் புதுப் போனைக் கையில் ஏந்திக்கொண்டு வரிசையில் நிற்கிறது. என் கையில் இருப்பதோ போன வருஷத்துப் போன். சொல்லவே நாக்கு கூசுகிறது.

ஆர்கிரோவுக்கு இந்தக் கூச்சமெல்லாம் கிடையாது. அவள் ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்க்கும் நர்ஸ். அவளுடைய போனுக்கு எட்டு வயது, முதுகில் ஆஸ்பத்திரி பிளாஸ்திரி. எதற்கும் அவசரப்பட மாட்டாள். கத்துகிறவர்களைப் பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டவள். வீட்டில் நான் கத்தினால் கூட, "மூச்சை நல்லா இழுத்து விடு" என்பாள். நானும் இழுத்து விடுவேன். அதற்குள் கத்த வந்தது மறந்து போகும்.

எங்களுக்குள் இருக்கும் ஒரே வழக்கு பால்கனி. நாலு வருஷத்துக்கு முன்னால் அடித்த ஒரு காற்றில், பால்கனிக்கு மேலே வெயிலை மறைத்துக் கொண்டிருந்த பந்தல் துணி கிழிந்து போனது. எங்கள் ஊர் ஜூலையில் பந்தல் இல்லாத பால்கனியில் ரொட்டி சுடலாம், மனுஷன் உட்கார முடியாது. நைட் டியூட்டி முடிந்து வந்து, அங்கே காபியோடு காலை நீட்டி உட்கார வேண்டும் என்பதுதான் ஆர்கிரோ கேட்கும் ஒரே வசதி. ஒவ்வொரு வருஷமும் பந்தலுக்கென்று பணம் சேர்ப்போம். ஒவ்வொரு வருஷமும் ஒரு புதுப் போன் வந்துவிடும். ஆக, நாலு வருஷமாக எங்கள் வீட்டுப் பந்தல் என் சட்டைப் பையில்தான் இருக்கிறது.

இந்த வருஷமும் சாப்பாட்டு மேஜையில் மெதுவாக ஆரம்பித்தேன். அவள் முகத்தைப் பார்க்காமல், உப்பு டப்பாவைப் பார்த்து, "புதுசு வந்திருக்கு" என்றேன்.

"எத்தனை கிலோ?"

"குழந்தை இல்ல. போன்."

"ஓ. உனக்கு வருஷத்துக்கு ஒண்ணு பிறக்குதே, அதுவா?"

"இதோட காமிராவே வேற, ஆர்கிரோ. நிலாவில இருக்கற குழியெல்லாம் தெரியுதாம்."

"தெரிஞ்சு? அதுல தக்காளி நடப் போறியா?"

"ரசனைன்னு ஒண்ணு இருக்கு."

"போன வருஷமும் நிலான்னு சொல்லித்தானே வாங்கின?"

"அதுல நிலா மங்கலா வருது."

"அது நிலா இல்ல பந்தெலி. உன் கட்டை விரல்."

நான் வேறு பாதையில் போனேன். "பழசைக் கடையிலேயே எடுத்துக்கறாங்க தெரியுமா? பிரிச்சு, உருக்கி, மறுபடி உபயோகப்படுத்துவாங்க. பூமிக்கு நல்லது."

"பூமிக்கு நல்லது செய்யணும்னா அதைத் தோண்டாம இருந்தாலே போதும். இதுக்குள்ள இருக்கற செம்பையும் தங்கத்தையும் எங்கேயோ ஒருத்தன் குனிஞ்சு தோண்டறான். அவன் முதுகு நிமிர்றதுக்குள்ள நீ அடுத்ததுக்குக் கை நீட்டற. ஏற்கெனவே டிராயர்ல மூணு கிடக்குது."

"அதெல்லாம் செத்துப் போனது."

"நான் தொட்டுப் பார்த்தேன். மூணும் மூச்சு விடுது. உயிரோட இருக்கறதைப் புதைக்கற ஆளை நான் இப்பதான் பார்க்கறேன்."

இப்போது என் கையில் இருப்பதும் சாகக் கிடக்கிறது, சார்ஜ் நிற்பதில்லை, பேசப் பேச அணைந்து போகிறது என்று மளமளவென்று பொய்களை அடுக்கினேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"சரி. இருபத்தேழாம் தேதி உன் பெயர்நாள் வருது இல்ல? உனக்கு வாழ்த்துச் சொல்ல நினைக்கிற ஒரே ஒருத்தராவது, இந்தப் போன் சரியில்லாததால சொல்ல முடியாம போகட்டும். மறுநாளே நானே உன்னைக் கடைக்குக் கூட்டிட்டுப் போறேன். அப்படி யாருக்கும் ஆகலைன்னா, பந்தல். சம்மதமா?"

நான் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்து கை கொடுத்தேன். சம்மதம் சொல்ல அவ்வளவு அவசரம் எனக்கு.

பெயர்நாள் என்றால் இங்கே என்னவென்று எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. புனித பந்தெலேய்மோனின் திருநாளில், அவர் பெயர் வைத்திருக்கிற எங்கள் எல்லோருக்கும் காலையிலிருந்து போன் வந்துகொண்டே இருக்கும். பிறந்தநாளை மறந்தால் மன்னிப்பார்கள். பெயர்நாளில் வாழ்த்த மறந்தவனையும், வாழ்த்தும்போது போனை எடுக்காதவனையும் அடுத்த பெயர்நாள் வரை குத்திக் காட்டுவார்கள். அப்படிப்பட்ட ஒரு நாளில் என் போன் ஊமையாகிவிட்டால்? ஒருவர் என்ன, ஊரே வாழ்த்த முடியாமல் போகும். புதுப் போன் அப்போதே என் கையில் வழவழத்தது.

முந்தின நாள் சாயங்காலம் ஆர்கிரோ டியூட்டிக்குக் கிளம்பிப் போனாள். நான் வேலையை ஆரம்பித்தேன். போனில் டார்ச்சைப் போட்டு, செருப்பு அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினேன். செருப்புகளுக்கு வெளிச்சம் காட்டிக் காட்டி பாட்டரி வற்றியது. அடுத்து, சார்ஜர் சொருகும் துளை. அவள் ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டு வந்து அலமாரியில் வைத்திருந்த பஞ்சில் ஒரு துளி கிள்ளி, பல் குத்தும் குச்சியால் உள்ளே தள்ளி, அமுக்கி விட்டேன். சார்ஜரைச் சொருகினேன். ஏறவில்லை. மறுபடி சொருகினேன். ஏறவே இல்லை. என் மூளையை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது.

காலையில் ஆர்கிரோ வீட்டுக்கு வந்ததும், முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு சமையலறை வாசலில் நின்றேன். அவள் உடை கூட மாற்றாமல் தக்காளியைக் குடைந்து அரிசி அடைத்துக் கொண்டிருந்தாள். பெரிய தட்டு. அதற்குப் பக்கத்தில் இன்னொரு பெரிய தட்டு.

"ஆர்கிரோ. போயிடுச்சு."

"எது?"

"போன்."

"அய்யோ பாவம். குடு பார்ப்போம்." வாங்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் போனாள். சார்ஜரைச் சொருகிப் பார்த்தாள். திருப்பினாள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள்.

"செத்துடுச்சா?" என்றாள்.

"செத்துடுச்சு."

"நிச்சயமா?"

"நீ பிறக்கறதைப் பார்க்கிறவ, உனக்குத் தெரியாது. இது போனது போனதுதான். இனிமே எழுந்திரிக்காது."

"சரி, நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று அதைச் சாமி படங்களுக்குப் பக்கத்தில் வைத்தாள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. நான் இருபத்திரண்டு வருஷமாகக் கேட்க நினைத்த வாக்கியத்துக்கு இது கிட்டத்தட்டச் சொந்தம்.

"எதுக்கு இவ்வளவு தக்காளி?" என்று கேட்டேன். "போன்ல வாழ்த்தறவங்களுக்கு யாரும் சாப்பாடு போடறதில்லையே."

"மலிவா இருந்துது" என்றாள்.

நான் கூடத்தில் போய் உட்கார்ந்தேன். இப்போது கப்பல் கம்பெனியிலிருந்து கூப்பிடுவார்கள், கிடைக்காது. இப்போது மாமியார் கிராமத்திலிருந்து கூப்பிடுவார், கிடைக்காது. இப்போது ஸ்தமாத்திஸ். அவன் என் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழன், இந்த ஊரிலேயே மூணு தெரு தள்ளி இருக்கிறான். ஒவ்வொரு பெயர்நாளுக்கும் ஒரு பூங்கொத்துப் படம் அனுப்புவான். நான் பதிலுக்குக் கட்டை விரல் அனுப்புவேன். இந்த வருஷம் அந்தப் பூங்கொத்தும் வராது. ஒவ்வொரு வாழ்த்து தவறும்போதும் ஒரு வெற்றி என்று மனசுக்குள் சேர்த்துக்கொண்டே வந்தேன்.

நேரம் போகப் போக அது அவ்வளவு ருசிக்கவில்லை. பெயர்நாளில் வீடு அத்தனை அமைதியாக இருந்து நான் பார்த்ததே இல்லை. யாருக்கும் என் நினைப்பே இல்லை என்பது மாதிரி இருந்தது. சமையலறையில் ஆர்கிரோவின் போன் மட்டும் ஓயாமல் அடித்துக்கொண்டே இருந்தது. ஆஸ்பத்திரியில் இன்றைக்கு நிறையப் பிரசவம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு வருத்தமாக இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். புதுப் போனை நினைத்து மனசைத் தேற்றிக்கொண்டேன்.

அப்போது வாசல் மணி அடித்தது.

மேல்மாடியில் இருக்கும் ஃப்ரோஸோ. ஒரு கையில் கேக் பெட்டி, இன்னொரு கையால் என் கன்னத்தைக் கிள்ளினாள். "பல்லாண்டு வாழணும் பந்தெலி. போன் போட்டுப் போட்டுப் பார்த்தேன், எடுக்கவே இல்ல. ஆர்கிரோவுக்குப் போட்டேன். போன் செத்துடுச்சு, நேரா வந்துடுன்னா. ரெண்டு மாடி இறங்கறதுக்கு என்ன வந்துது?"

என் மனைவியிடமும் ஒரு போன் இருக்கிறது என்பது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. இத்தனை யோசித்தவன் அதை யோசிக்கவில்லை. எட்டு வயதுப் போனை எவன் கணக்கில் எடுத்துக்கொள்வான்?

ஃப்ரோஸோ உட்காருவதற்குள் மறுபடி மணி. கப்பல் கம்பெனியிலிருந்து கோஸ்மாஸும் இன்னும் மூணு பேரும். மறுபடி மணி. மலைமேல் கிராமத்திலிருந்து பஸ் பிடித்து வந்த என் மாமியார் எவ்தோக்கியா, கை நிறைய அத்திப்பழத்தோடு. "வீட்டுப் போன்லேர்ந்து மூணு தரம் அடிச்சேன் மாப்பிள்ளை. நீங்க எடுக்கலைன்னதும் எனக்கு உயிரே இல்ல. கிளம்பி வந்துட்டேன்."

அப்புறம் ஸ்தமாத்திஸ் வந்தான். வாசலில் நின்றவனை எனக்கு ஒரு நிமிஷம் அடையாளம் தெரியவில்லை. தாடி வளர்த்திருந்தான், வெள்ளைத் தாடி.

"என்னடா முழிக்கற? உள்ளே விடு" என்றான்.

"எப்பலேர்ந்துடா தாடி?"

"ரெண்டு வருஷம் ஆச்சு. படம் அனுப்பினேனே. கட்டை விரல் காட்டினியே."

"அது நீயா? ஏதோ சாமியார்னு நினைச்சேன்."

"பேரன் பிறந்ததுக்கும் கட்டை விரல்தான் காட்டின. உன் பெண்டாட்டிதான் பிரசவம் பார்த்தா. அவ வந்து ஒரு வார்த்தை சொல்லலையா?"

சொல்லியிருப்பாள். நான் அப்போது நிலாவைப் படம் எடுத்துக்கொண்டிருந்திருப்பேன். அவனைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, தாடி குத்தியதால் இல்லை.

மதியத்துக்குள் வீடு நிரம்பிவிட்டது. கூடத்தில் இடமில்லாமல் பால்கனிக்குப் போனார்கள். போனவர்கள் அலறிக்கொண்டு திரும்பி வந்தார்கள். "பந்தல் எங்கேடா?" என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். நான் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். கடைசியில் கோஸ்மாஸும் ஸ்தமாத்திஸும் எங்கள் படுக்கை விரிப்பை எடுத்துக் கம்பியில் கட்டினார்கள். அதன் கீழே மேஜை போட்டு, தக்காளியும் கீரை பஃப்பும் சுட்ட ஆக்டோபஸும் பரிமாறி, சின்னச் சின்னக் கண்ணாடிக் கோப்பைகளில் சிப்புரோ ஊற்றினாள் ஆர்கிரோ. ஒரு வாய் குடித்தால் காது வரை சுடும் சாராயம் அது. பாட்டு கிளம்பியது. நானும் பாடினேன். போன் என்று ஒன்று உலகத்தில் இருப்பதே எனக்கு மறந்து போனது. இத்தனைக்கும் அன்றைக்கு நான் அதற்காகத்தான் பாடுபட்டுக்கொண்டிருந்தேன்.

ஞாபகப்படுத்தியது ஃப்ரோஸோதான். "எல்லாரும் சிரிங்க" என்று போனை நீட்டிப் படம் எடுத்தாள். அந்தப் போனின் மூலையில் ஒரு கீறல். எனக்குத் தெரிந்த கீறல். கப்பல் படிக்கட்டில் நான் தவற விட்டபோது விழுந்தது.

"இது ஏது உனக்கு?"

"ஆர்கிரோ குடுத்தா. பாட்டரி மட்டும் மாத்தினோம். குதிரை மாதிரி ஓடுது."

திரும்பிப் பார்த்தேன். கோஸ்மாஸ் கையில் இருப்பதும் எனக்குத் தெரிந்த போன்தான். அவன் அதைச் சட்டென்று மேஜைக்குக் கீழே மறைத்தான். அடக்கம் பண்ணியதெல்லாம் எழுந்து வந்து என் வீட்டிலேயே விருந்து சாப்பிடுகிறது.

"எல்லாருக்கும் குடுத்திருக்கா, பெத்தவளுக்குத்தான் இல்ல" என்று மாமியார் மூக்கை உறிஞ்சினார்.

இனிமேலும் பொறுத்தால் காரியம் கெட்டுவிடும் என்று தோன்றியது. கோப்பையைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்து நின்றேன். "எல்லாரும் கேளுங்க. எனக்கும் என் பெண்டாட்டிக்கும் ஒரு பேச்சு. இந்தப் போனால ஒருத்தருக்காவது வாழ்த்துச் சொல்ல முடியாம போனா எனக்குப் புதுப் போன். இன்னிக்குக் காலையிலேர்ந்து என் போன் பிணம். நீங்களே சாட்சி."

ஆர்கிரோ தட்டைக் கீழே வைத்தாள். "நியாயம்தான். இவனுக்கு வாழ்த்துச் சொல்ல முடியாம போனவங்க யாராவது இருந்தா கையைத் தூக்குங்க."

ஒரு கை எழவில்லை.

"நான் ரெண்டு தரம் சொல்லிட்டேன்" என்றான் ஸ்தமாத்திஸ். "வேணும்னா இன்னொரு தரம் சொல்றேன்."

"வராதவங்க?" என்று நான் விடாமல் கேட்டேன்.

"வர முடியாதவங்க எனக்குப் போன் பண்ணிச் சொன்னாங்க" என்றாள் ஆர்கிரோ. "பாட்டுச் சத்தத்துல உன் காதுல விழாதுன்னு, எல்லாருக்கும் நானே நன்றி சொல்லி, அடுத்த வருஷம் நேரா வாங்கன்னு கூப்பிட்டாச்சு."

"ஆனா என் போன் செத்துப் போச்சே."

"ஆமா. அதுல எனக்கும் வருத்தம்தான். பெயர்நாளும் அதுவுமா கையில போன் இல்லாம இருக்கக் கூடாது." இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியின் பைக்குள் கை விட்டு, பளபளக்கும் காகிதம் சுற்றிய ஒரு சின்னப் பெட்டியை எடுத்து என் கையில் வைத்தாள். சரியான அளவு. சரியான கனம். பாவம், நல்லவள், இவளைப் போய் ஏமாற்றினேனே என்று நினைத்தபடி காகிதத்தைக் கிழித்தேன்.

உள்ளே இருந்தது, டிராயரில் கிடந்த மூன்றில் மூத்தது. நாலு வருஷத்துக்கு முன்னால் வாங்கிய என்னுடைய சொந்தப் போன்.

"புதுப் பாட்டரி" என்றாள். "துடைச்சு, குளிப்பாட்டி வச்சிருக்கேன்."

எங்கள் ஊரில் ஒருத்தன் கைக்குப் புதுசாக எது வந்தாலும் சுற்றி இருப்பவர்கள் சும்மா இருக்க மாட்டார்கள். "சுகமா வச்சு அனுபவி" என்று மொத்தக் கூட்டமும் ஒரே குரலில் வாழ்த்தியது. அப்படி வாழ்த்திவிட்டால் பொருளை ஏற்றுக்கொண்டாயிற்று என்று அர்த்தம், வாழ்த்தியவர்களுக்கு நான் ஊற்றிக் கொடுத்தாக வேண்டும். ஊற்றிக் கொடுத்தேன். எனக்கும் பெரியதாக ஒன்று ஊற்றிக்கொண்டேன்.

"அப்ப அந்தப் பிணம்?" என்றார் மாமியார், சாமி படங்கள் பக்கம் கையைக் காட்டி. "எப்படியும் தூக்கித்தானே போடப் போறீங்க மாப்பிள்ளை? பளபளன்னு இருக்கு. முகம் பார்க்கற கண்ணாடியா வச்சுக்கறேன்."

நான் வாயைத் திறந்தேன். என்ன சொல்வது? அது சாகவில்லை, நாளைக்கே எழுந்து உட்காரும் என்றா? காலையிலிருந்து இருபது பேரிடம் அது போய்விட்டதென்று துக்கம் சொல்லியிருக்கிறேன்.

"எடுத்துக்கோங்க அத்தை" என்றேன்.

"மூச்சை நல்லா இழுத்து விடு" என்று ஆர்கிரோ என் காதோரம் சொன்னாள்.

அந்த வாரமே பந்தல் வந்தது. பச்சையும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட துணி. ஆர்கிரோ டியூட்டி முடிந்து வந்து, நாலு வருஷம் கழித்து முதல் தடவையாக அங்கே காலை நீட்டி உட்கார்ந்தாள். நான்தான் காபி போட்டுக் கொடுத்தேன். நிழலில் அவள் முகத்தைப் பார்க்க எனக்கும் நன்றாகத்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஸ்தமாத்திஸ் பேரனைத் தூக்கிக்கொண்டு வருவதாகச் சொல்லியிருந்தான். நாலு வயதுப் போனும் மூச்சு வாங்காமல் ஓடிக்கொண்டிருந்தது. தோற்றது கூட அவ்வளவு மோசமில்லை என்று நினைத்த நேரத்தில் அது அடித்தது. தெரியாத நம்பர்.

"மாப்பிள்ளை, நான்தான். ராத்திரி எங்க மலைமேல நிலா வந்துது, படம் எடுத்தேன். ஒவ்வொரு குழியும் தெரியுது. இந்தப் போனைப் போய் செத்துடுச்சுன்னு சொன்னீங்களே, இதுக்கு ஒரு நோயும் இல்ல. துளையில கொஞ்சம் ஆஸ்பத்திரிப் பஞ்சு அடைச்சுக்கிட்டு இருந்துதாம், உங்க பெயர்நாள் அன்னிக்குக் காலையிலேயே ஆர்கிரோ எடுத்துட்டாளாம், உங்ககிட்ட சொல்லலையா?"